நூற்றுப் பன்னிரண்டாம் நாள்

டுலூத்தில் பனிக்கலப்பை வண்டிகளுக்கு
வழி சொல்பவள் நான்.
மூன்று குளிர்காலமாய் விரலால் சொல்கிறேன், தட்டச்சில்.
வாய் திறந்தால்
பாதிச் சொல்லில் யாரோ கழுத்தை நெரிப்பதுபோல்
அறுந்து அறுந்து வரும்.

நாயிடம் பேசினால் சரியாக இருக்கும்.
சிரித்தால் முழுசாக வரும்.
தொலைபேசி எடுத்தால் போச்சு.

ஊசி கழுத்தின் முன்பக்கம் இறங்கும்.
"ஈ சொல்லுங்கள்" என்பார் டாக்டர் ப்ரெக்கெ.
என் தசையின் சத்தம் பெட்டியில் கேட்கும்:
காய்ந்த எண்ணெயில் கடுகு.
அங்கேதான் விடுவார் நஞ்சை.

பழைய மருந்தென்றால் கணக்குத் தெரியும்.
இரண்டு வாரம் வெறுங்காற்று, தண்ணீர் புரையேறும்,
எட்டு வாரம் மனுஷி,
அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

இது நீண்டு நிற்கும் மருந்து.
பழையதாகவும் இருக்கலாம்.
குப்பியில் எண் மட்டும்;
அவருக்கும் தெரியாது.
நல்லது நீண்டால் காற்றும் நீளும் என்று
கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நீண்டது.
ஐந்து வாரம் ரொட்டியை விரல்நீட்டி வாங்கினேன்.

இன்று நூற்றுப் பன்னிரண்டு.
இந்நேரம் உடைந்திருக்க வேண்டும்.
தினமும் எழுந்ததும் ஒரு "ஈ",
பால் திரிந்ததா என்று முகர்வதுபோல்.

ராத்திரி ஏரிக்காற்றில் கணினிகள் படுத்துவிட்டன.
மைக்கை எடுத்தேன்.
"ஏழாம் வண்டி, மலைச்சாலை வேண்டாம்,
மரம் விழுந்திருக்கிறது, இடதுபக்கம் திரும்பு."

இரைச்சல்.
"யாரு பேசறது?" என்றான் ஹாகென்சன்,
இரண்டு வருஷமாய் என் பக்கத்து மேசையில்
காப்பி குடிப்பவன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"அட," என்றான், "மார்னா."