எடுத்தது யார்

புகார்ச் சீட்டில் இவ்வளவுதான் இருந்தது:
"217. மணி அடிக்கிறது. எடுக்கிறார். பேசுவதில்லை."
கீழே கையெழுத்து: எலியானா சிகுவாய், கணக்குப் பிரிவு.

புவெர்த்தோ சிஸ்னெஸில் அது மூன்றாம் நாள் மழை.
அலுவலக மாடிப்படிக்கு அடியில் ஒரு ரவுட்டர்.
பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி,
சால்மன் கூண்டுகளுக்கு நடுவே மிதக்கிற வீட்டில் இன்னொன்று.
நடுவில் மலைமேல் ஒரு ரேடியோ தட்டு,
அதன்மேல் எப்போதும் ஏதாவது ஒரு பறவை.
அந்தக் கடைசியில்தான் ஃபோன்.
ஐந்தும் எட்டும் தேய்ந்துபோன பழைய ஃபோன்.
அலுவலக மேஜை ஒன்றில் இருப்பதாகவே
எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொண்டிருக்கும் ஃபோன்.

படகில் போனேன். வயரை மாற்றினேன்.
வோல்டேஜ் பார்த்தேன்: நாற்பத்தெட்டு, குறையில்லை.
யோஹனாவை அங்கிருந்து கூப்பிடச் சொன்னேன்.
அடித்தது, எடுத்தேன், பேசினோம்,
அவள் மென்ற ரொட்டிகூடக் கேட்டது.
எல்லாம் சரி.
எனக்கு எரிச்சல் வருவது அந்த இடத்தில்தான்.

இரவுக் காவலர் மாத்தே கலந்து நீட்டினார்.
"என் தங்கச்சி எழுதிய புகாரா?" என்றார்.
அப்போதுதான் பெயரைப் பார்த்தேன்: ஒஸ்வால்தோ சிகுவாய்.
"படகு எஞ்சினை அவளைக் கேட்காமல் விற்றேன்.
அதிலிருந்து ஒரு ஃபோன்கூடக் கிடையாது அவளிடமிருந்து."

ஆறாம் கூண்டில் வலை கிழிந்திருந்தது.
அவரோடு நானும் நடந்தேன், டார்ச் பிடிக்க.
தீவனக் குழாயின் இரைச்சலில்
பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழவில்லை.
இடுப்பு வாக்கிடாக்கியில் யோஹனா கத்தினாள்:
"இன்னொரு தடவை அடித்தேன். எடுத்துவிட்டு ஏன் சும்மா இருக்கிறாய்?"

சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன்.
விளக்கு எரிந்தது.
உள்ளே யாரும் இல்லை.

முந்திரிக்கொட்டை!
மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அந்தப் பெட்டி
இரண்டாவது மணிக்கே தானாக எடுத்துவிட்டு
அப்புறம்தான் கடலைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டுகிறது.
எடுத்தாயிற்று என்று எக்ஸ்சேஞ்ச் கணக்கை மூடிவிடும்.
கூப்பிட்டவர் காதில் ஒரு சொடக்கு,
பிறகு மெல்லிய இரைச்சல்.
மழை என்று நினைக்கலாம்.
மூச்சு என்றும்.

பதிவுகளை இறக்கிப் பார்த்தேன்.
217க்குக் கணக்குப் பிரிவிலிருந்து பதினோரு அழைப்புகள்,
எல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல்,
எல்லாம் "எடுக்கப்பட்டது".
நீளமானது நான்கு நிமிடம் பதினொரு விநாடி.
இங்கிருந்து போன பொட்டலங்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
அங்கிருந்து வந்தது சுழி.

திருத்தம் ஒரே ஒரு சொல்.
அங்கே எடுக்கும்வரை இங்கே எடுக்காதே என்று
அந்த இரும்புக்குப் புரிகிற சொல்.
சேமித்தேன். மறுபடி அடிக்கச் சொன்னேன்.
அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
"யாரும் எடுக்கலையே," என்றாள் யோஹனா.
அவ்வளவு நிம்மதியாக நான் எந்தத் தோல்வியையும் கேட்டதில்லை.

மறுநாள் எலியானாவின் மேஜையில் சீட்டை வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தேன்:
"அவர் எடுக்கவே இல்லை. ரவுட்டர்தான் எடுத்தது."
இரண்டு தடவை படித்தாள்.
பேனாவை மூடினாள், திறந்தாள்.

"அந்த நாலு நிமிஷம் நான் பேசியதெல்லாம்
அதற்குள் எங்காவது இருக்குமா?"
"இல்லை. எண்ணத்தான் தெரியும் அதற்கு."
"நல்லதாய்ப் போச்சு," என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"எல்லாம் திட்டு இல்லை," என்றாள்.

மூடப்பட்டது என்று சீட்டில் முத்திரை குத்தினேன்.
மணி மூன்றுகூட ஆகவில்லை.
எட்டாக இன்னும் எவ்வளவோ இருந்தது.