பை எண் ஒன்பது

ரிமூஸ்கியில் ஒரு மருந்துக் கடையில்
அடுத்தவர் மாத்திரைகளைத்
திங்கள், செவ்வாய் என்று பெட்டிகளில் பிரித்துப் போடுகிறவள் நான்.
வடக்கே பத்து நாள் ஆற்றுப் பயணம் என்றதும்
அதையேதான் செய்தேன்.
தண்ணீர் புகாத பத்துப் பைகள்,
கறுப்பு மையில் எண்கள்.
ரெஜான் சிரித்தான்:
"பசி உன் எண்ணைப் பார்த்தா வரும், ஒடில்?"

குளிர்பெட்டி கூட வராத இடத்துக்கு
எது எப்போது கெடும் என்பதுதான் கணக்கு.
முதல் இரவுக்கு இறைச்சி.
கல்லாய் உறைந்ததை நாளிதழில் சுற்றி
தூக்கப் பையின் வயிற்றில் திணித்தோம்;
கூடாரம் எழுவதற்குள்
தேர்தல் செய்தி சிவப்பாக ஊறியிருந்தது.
முட்டைகள் லூஸின் கோழிகள் இட்டவை.
கழுவாதே, கழுவினால் காவல் போய்விடும் என்று
இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.
பாலாடைக்கட்டிக்கு வினிகர் நனைத்த துணி.
தக்காளிக் குழம்பை இரவெல்லாம் அவனில் காயவைத்தேன்,
செருப்புத் தோல் மாதிரி உரிந்து வந்தது.
முட்டைக்கோஸ் மட்டும்
எந்த எண்ணுக்கும் கட்டுப்படவில்லை.
வெளியே இரண்டு இலை கறுக்கும்.
உரித்தால், உள்ளே இன்னும்
கடைத்தெருவில்தான் இருக்கிறது.

காலையில் சீசாவில் பயறும் தண்ணீரும்.
துடுப்புப் போடப் போட ஊறி
மாலையில் ஒரு கொதியில் குழைந்தது.

கரடிக்கு எட்டாத உயரத்தில்
பைகளைக் கிளையில் கட்டுவோம்.
இனி வரவேண்டிய நாட்களெல்லாம்
தலைக்கு மேல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே
தூங்கிப்போவோம்.

ஐந்தாம் நாள்
மாயிக்கின் படகு பாறையில் சாய்ந்தது.
ஆளைப் பிடித்தோம். துடுப்பைப் பிடித்தோம்.
ஏழு போய்விட்டது.

ஏழில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.
கொக்கோ, மாவு, பால்பொடி, சர்க்கரை,
ரெஜானின் பிறந்தநாளுக்கு
ஒற்றை மெழுகுவத்தி.

அன்று ஆறில் மிஞ்சிய அரிசி,
எட்டிடம் கைமாற்றாக உப்புப் பன்றிக் கொழுப்பு,
லூஸின் தூண்டிலில் ஒரே ஒரு டிரவுட்,
நான்கு பேர் உதடும் நீலமாகும் அளவுக்குப் புளூபெரி.
கறுப்பு ஈக்களும் பந்தியில் உட்கார்ந்தன,
சில குழம்பிலேயே.
அவன் தட்டை வழித்து நக்கினான்.
பிறந்தநாளைப் பற்றி அவன் பேசவில்லை,
நானும்.

ஒன்பதாம் நாள்
ஒரு திருப்பத்தில், ஆல்டர் புதரில்
ஏழு.
முன்னாலேயே வந்து
எங்களை எதிர்பார்த்து அலுத்த மாதிரி.
வாயை மூன்று மடிப்பு மடித்திருந்தேன்;
மாவு உலர்ந்தே இருந்தது.
மூடிய வாணலி, மூடிமேலும் தணல்.
அடி கருகி நடு ஈரமாக ஒரு கேக்.
ஐம்பத்து நான்கு வயது
இரண்டு நாள் தாமதமாக வந்தது.
"ரெண்டு நாள் லாபம்" என்றான்
வாயெல்லாம் கரியோடு.

ஒன்பது திறக்காமலே வீடு வந்தது.
குளிர்பெட்டியின் தலையில் தூக்கிப் போட்டேன்,
மறந்தேன்.

டிசம்பரில் பனிமழை.
மின்கம்பிகள் கண்ணாடியாகிக் கனத்து அறுந்தன.
குளிர்பெட்டியின் முனகல் நின்ற பிறகுதான்
அது இத்தனை வருடம் முனகியது தெரிந்தது.
மூன்றாம் இரவு
ஜன்னலை ஒரு கை அகலம் திறந்துவைத்து
முகாம் அடுப்பைப் பற்றவைத்தேன்.
செருப்புத் தோல் வெந்நீரில் நெகிழ்ந்து
மறுபடியும் தக்காளியாயிற்று.
நான்கு பேர் அளவு, இரண்டே பேர்.

மேல்வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம்.
பதினொரு வருடமாகக் காலடிச் சத்தமாக மட்டும்
தெரிந்தவர்.
கோட்டோடு, தொப்பியோடு,
சொந்தக் கரண்டியோடு வந்தார்.
"இருட்டில் கணக்கே விட்டுப்போச்சு.
இன்னைக்கு எத்தனாவது நாள்?"

"ஒன்பது"
என்றான் ரெஜான்.