அக்குளில் நான்கு விரற்கடை

இங்கே எல்லோரும் துணியின் முதுகைப் பார்த்தே
வேலை செய்கிறோம்.
சட்டத்தில் விறைத்த வலைத்துணிக்குக் கீழே
நூலில் கோத்த ஜிகினா வட்டுகளை
இடது கை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும்.
மேலே வலது கை.
இந்த ஊசிக்குக் காது கிடையாது, கொக்கிதான்.
குத்து, சுற்று, அரைத் திருப்பு, எடு.
அரைத் திருப்பை மறந்தால்
வலையைக் கிழித்துக்கொண்டு வரும்.

முதல் வாரம் பதினோரு கிழிசல்.
கணக்கு என்னுடையதல்ல, லூதிவீனுடையது:
என் சட்டத்தின் ஓரத்தில் பென்சில் கோடுகள்,
யாரோ சிறையில் நாள் எண்ணுவதைப் போல.

"இன்டர்ன் என்றால் என்னதான் வேலை?"
லிமோஜிலிருந்து போனில் அப்பா.
லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறார்,
இண்டிகேட்டர் டிக் டிக் என்கிறது.
நூல் கோப்பேன். காபி இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.
குதிரைலாடக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி
நாய்க்குட்டியைப் போலத் தரையெல்லாம் இழுத்துப் போவேன்,
விழுந்த ஊசிகள் ஒட்டிக்கொண்டு வரும்.
"சம்பளம்?"
மணிக்கு நாலு யூரோ சொச்சம்.
இண்டிகேட்டர் கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.

போன வருடம் பார்சல் கிடங்கில் இருந்தேன்.
நிமிடத்துக்கு இருபது பெட்டி தள்ளிய கை.
இப்போது நிமிடத்துக்கு இருபது தையல்.
ஹாவா, காதில் கருவியை மாட்டிக்கொண்டு
பமாகோவில் இருக்கும் தங்கையோடு சண்டை போட்டபடியே, நூறு.

ஜனவரி. ஃபேஷன் ஷோவுக்கு முந்தின இரவு.
பாந்த்தான் கால்வாயோரம் ஜன்னல்கள் எல்லாம் அணைந்துவிட்டன,
எங்கள் மாடியைத் தவிர.
என் பங்கு, இடப்பக்க அக்குளுக்குக் கீழே
நான்கு விரற்கடை.
மீன் செதில், சாம்பலும் பச்சையும்.
முடித்துவிட்டேன் என்று சொன்னேன்.
மதாம் கெர்வெல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
குனிந்து, நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலை
இரண்டு விரலால் பிடித்தார்.

கடைசிக் கண்ணியைப் பூட்ட மறந்திருந்தேன்.

ஒரே இழுப்பு.
போய்த் திரும்பிப் போய்த் திரும்பிய அத்தனை வரிசையும்
ஒரே நூல்தானே.
மூன்று நாள் வேலை தரையில் கொட்டியது.
மழை மாதிரி என்று சொல்ல ஆசை. இல்லை.
தகரத் தட்டில் அரிசி கொட்டும் சத்தம்.
யாரும் கத்தவில்லை.
ஹாவா தங்கையிடம் "அப்புறம்" என்றாள்.
நான் அழுதிருக்க வேண்டும்.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
துணி வெறும் துணியாகிக்கொண்டு வந்தது,
ஒரு தழும்பு இல்லாமல்,
நான் தொடவே தொடாததைப் போல.
அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மதாம் கடிகாரத்தைப் பார்த்தார்.
"நாலு மணிக்கு வண்டி."
அந்தக் கோடியில் ஹாவா, இந்தக் கோடியில் நான்.
நடுவில் சந்தித்தபோது
ஒரு வட்டுக்கு இடம் போதவில்லை.
இரண்டு செதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.
மேலே இருப்பது அவளுடையதா என்னுடையதா தெரியாது,
முன்பக்கம் பார்க்க நேரமில்லை.
இந்தமுறை பூட்டினேன். மூன்று தரம்.
லூதிவீன் இன்னொரு தரம்.

அவள் போனில்தான் பார்த்தோம்,
ஏழெட்டுத் தலைகள் முட்டிக்கொண்டு.
உயரமான பெண்.
மூச்சு விடுகிறாளா என்று தெரியாத முகம்.
ஒன்பது நொடி நடந்தாள்.
கையைத் தூக்கவே இல்லை.
"தூக்கு!" என்று ஹாவா திரையைப் பார்த்துக் கத்தினாள்,
பந்தைக் கோட்டைவிட்ட கோல்கீப்பரைத் திட்டுவது மாதிரி.
அவள் திரும்பினாள், போய்விட்டாள்.
அடுத்தது வேறு யாரோ தைத்த சிவப்பு.

வீட்டுக்குப் போகும் மெட்ரோவில் கூட்டம்.
கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினேன்.
என் கம்பளிச் சட்டையின் அக்குளில் ஓட்டை,
எத்தனை மாதமாகவோ.
எதிரே ஒரு பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
கையை இறக்கவில்லை.
ஸ்தாலின்கிராத் வரைக்கும் பார்க்கட்டும்.