பச்சைப்பொட்டு

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில்
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டு.
ராத்திரி எட்டிலிருந்து விடியக்கால எட்டு வரை
உள்ளே நான்.

லாரி ஏறியதும் சிவப்பு எண்கள் தத்தளிக்கும்.
இருபத்திரண்டாயிரத்து நானூறு,
அறுநூறு,
ஐந்நூற்று இருபது.
பிறகு அடங்கும்.
ஓரத்தில் ஒரு பச்சைப்பொட்டு எரியும்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு இங்கிலீஷ்:
ஸ்டேபிள்.

பொட்டு எரியாமல் சீட்டு அடித்தால்
கொப்பரைக்காரருக்கும் மில்காரருக்கும் வரும் சண்டை
என் சம்பளத்தில்தான் தீரும்.

பேங்கில் லோன் கேட்கப் போன அன்றைக்கு
"வருமானம் ஸ்டேபிளுங்களாம்மா?" என்றார் கண்ணாடி போட்டவர்.
'பொட்டு எரியுதுங்க' என்று
நாக்கு நுனி வரை வந்தது.
ஆட்சி ஸ்டேபிள் என்று டீக்கடை டிவி சொல்கிறது.
கொப்பரை ரேட்டு ஸ்டேபிள் என்று எவர் வாயால் கேட்டாலும்
மறுநாள் கிலோவுக்கு நாலு ரூபாய் இறங்குகிறது.
எட்டாவது படிக்கிற மகள் மௌனிகா
டிக்சனரியைப் புரட்டிச் சிரித்தாள்:
"அம்மா, குதிரை கட்டற லாயமாமா!"

நம் பேச்சில் தேடினேன்.
நிலை.
கதவுக்கு ஒரு நிலை.
சிவன்மலையை மூணு நாளாகச் சுற்றிவிட்டு
தேர் வந்து சேருமே, அது ஒரு நிலை.
கெணத்தில் குதித்து, கால் தரை தொடாமல்
"நிலைக்கலைடீ" என்று கத்தியிருக்கிறேன்,
அதுவும்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு
வெள்ளகோவில் ரோட்டில் என் அண்ணன் சென்னியப்பன்
பைக்கோடு விழுந்தார்.
கோயமுத்தூரில், நாலாவது மாடியில்,
டாக்டர் கதவைப் பாதி திறந்து சொன்னார்:
"ஸ்டேபிள்."
கதவு சாத்தியது.

அண்ணி என் கையைப் பிடித்தாள்.
"நல்லதா அம்மிணி, கெட்டதா?"
"நல்லதுதானுங்க."
லோடு அசையாமல் கிடந்தால்தான் அந்தப் பொட்டு எரியும் என்று
நான் சொல்லவில்லை.

ரெண்டாம் நாள் ஸ்டேபிள்.
அஞ்சாம் நாள் ஸ்டேபிள், ஒன்றேமுக்கால் லட்சம் கட்டிவிடுங்கள்.
ஏழாம் நாள் கட்டியதற்கு ரசீது.
அண்ணி பழகிவிட்டாள்.
மாமன் மச்சான் யார் போனில் கேட்டாலும்
"டேபிளா இருக்காருங்களாம்."

ஒன்பதாம் நாள் ராத்திரி
மாடு ஏற்றிய டெம்போ ஒன்று மேடைக்கு வந்தது.
நாலு உருப்படி. ஒரு மயிலைக் காளை.
மூவாயிரத்து நூற்று நாற்பது.
எழுபது.
நூற்றுப்பத்து.
ஒன்று காலை மாற்றி வைக்கிறது,
ஒன்று தலையை உதறுகிறது,
ஒன்று கொம்பால் தகரத்தை உரசுகிறது.
அரை மணி நேரமாக
பொட்டு எரியவே இல்லை.
"நடுவால ஒண்ணப் போட்டு உடுங்கக்கா,
பொழுது விடியறதுக்குள்ள போவோணும்" என்றார் டிரைவர்.
பதினோரு வருசத்தில் முதல் தடவையாக
கையால் எழுதிக் கொடுத்தேன்.
டெம்போ போன பிறகும்
சாணிவாசம் கூண்டுக்குள்ளேயே நின்றது.

மணி நாலேகால். போன்.
அண்ணியின் மூச்சு முதலில் வந்தது.
"அம்மிணி, இன்னைக்கி அந்த வார்த்தையச் சொல்லலை."

நான் பேசவில்லை.

"ராத்திரி கையை ஒதறுனாராம்.
ஊசியெல்லாம் புடுங்கி வீசிட்டாராம்.
நர்சம்மா கட்டல்ல
கையக் கட்டி வெச்சிருக்குது.
வையறாங்க அம்மிணி, இந்த மனுசனோட முடியலைன்னு வையறாங்க."
அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

கூண்டை விட்டு இறங்கினேன்.
காலியாய்க் கிடந்த மேடையில் ஏறி
நட்ட நடுவில் நின்றேன்.
இரும்பு ஜில்லென்று இருந்தது, செருப்பையும் தாண்டி.
கண்ணாடி வழியே பார்த்தால்
ஐம்பது என்கிறது.
அறுபது என்கிறது.
மறுபடி ஐம்பது.
நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

பின்னால் ஆரன்.
பொள்ளாச்சித் தேங்காய் லோடு, ஆறுச்சாமி,
முகத்தில் லைட்டை அடித்து,
"ஏனுங் அம்மிணி, அங்க என்ன பண்றீங்க?"

"இருங்கண்ணா" என்றேன்.
"சித்த இருங்க."