இருபத்தெட்டைக் கழி

குலசேகரம் ரப்பர் பால் சங்கம்.
ஆறே முக்காலுக்கு நான் அதை எழுப்பவேண்டும்:
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
விலாவில் அமோனியா தின்ற துரு.

எழும்போதெல்லாம் கேட்கும்,
இன்று என்ன தேதி, மணி என்ன என்று.
உள்ளிருந்த பேட்டரி ஒழுகிச் செத்து நாளாயிற்று.
மார்த்தாண்டத்துக் கடைக்காரர்
மூடியைக் கழற்றிப் பார்த்தார்,
திரும்ப மூடிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

தேதிக்கு ஒரு தந்திரம் உண்டு.
இரண்டாயிரம் என்றால் அதற்குப் புரியாது.
'இருபத்தெட்டைக் கழி' என்று
திரையோரம் ஒட்டிவைத்துப் போனார்
எனக்கு முன்பு இங்கிருந்த தாணுமாலயன்.
இருபத்தெட்டு வருஷம் பின்னால் போனால்
திங்கள் திங்களிலேயே விழும்,
பிப்ரவரி இருபத்தொன்பதும் தப்பாது.
ஈஸ்டர் மட்டும் பொருந்தாது. அமாவாசையும்.
அதையெல்லாம் அது கேட்பதில்லை.

ஆட்களுக்கும் கழிக்கவேண்டும்.
பால் வெட்டும் ஜெபிஷா தொண்ணூற்றொன்பதில் பிறந்தவள்.
இன்னும் பிறக்காதவள் என்று
அவள் பெயரை ஏற்க மறுத்தது.
எழுபத்தொன்று என்று போட்டேன்.
"அது எங்க அம்மைக்க வருஷமாக்கும்" என்று சிரித்தாள்.

மணிக்குத் தந்திரம் இல்லை.
ஓடும்போதே நாளுக்கு ஏழு நிமிஷம் பின்தங்கும்.
செல்போனைச் சாய்த்துவைத்து,
வரப்போகும் நிமிஷத்தை முன்கூட்டியே தட்டி,
எண்டருக்கு மேல் விரலைத் தூக்கிக் காத்திருப்பேன்.
ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு.
வெளியே கேன்கள் இறங்கும்.
பேச்சிப்பாறை பஸ் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும்.
அந்த மூன்று நொடி எனக்குப் பிடிக்கும்,
தராசு முள் நிற்கும்வரை
எல்லாரும் மூச்சடக்கி நிற்பதுபோல.
அமுக்குவேன்.

இன்று ஜூன் ஒன்பது, திங்கள்.
மழைக்காப்புக்கு அடியிலும் நனைந்த பட்டை.
தொண்ணூற்றேழு என்று போட்டேன்.
முதல் கேன் ஜெபிஷாவுடையது, ஒன்பது எண்ணூறு.
திரை நின்றது.
இந்தத் தேதியில் முன்பே கணக்கு உள்ளது.
அழிக்கவா, சேர்க்கவா?

பழைய பதிவேட்டைப் புரட்டினேன்.
மிஷின் வந்திறங்கிய நாள் அது.
சந்தனத்துக்கு ஆறு ரூபாய், மாலைக்குப் பன்னிரண்டு.
கால் நூற்றாண்டு நாங்கள் சொல்லிவந்த பொய்
தினம் ஒரு நாளாக நடந்து நடந்து
அது நிஜமாகவே வாழ்ந்த வருஷத்தில்
போய் முட்டியிருக்கிறது.
முதல் வரி: ரோசிலி, பதினொன்று நானூறு.

வரிசையில் மூன்றாவதாக நின்றாள் ரோசிலி.
கேனை இறக்கிவைத்து ஜன்னல்வழி எட்டிப் பார்த்தாள்.
"பதினொண்ணு இல்ல. அன்னைக்குப் பதிமூணு.
அப்பளே சொன்னேன்.
புது மிஷின் தப்பாதுன்னானுவ."

"அழி, அழி, ஆளு நிக்குவு" என்றார்
உள்ளேயிருந்து செயலாளர் ஞானாபரணம்.

சேர் என்று அமுக்கினேன்.
ரசீதில் தாயும் மகளும் ஒரே வயதில்
ஒருத்தி கீழ் ஒருத்தி வந்தார்கள்,
கிலோ முப்பத்திரண்டு ரூபாய்க்கு ஒருத்தி,
இன்றைய விலைக்கு ஒருத்தி.
மொத்தம் எதற்கும் ஒத்துவரவில்லை.
ரோசிலி என் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.
பதினொன்றை அடித்தாள், பதிமூன்று என்று எழுதினாள்,
பக்கத்தில் தன் கையெழுத்தும்.

அதற்குள் திரையில் மணி
மூன்று நொடி பின்னால் போயிருந்தது.