நாற்பத்தொரு கிண்ணங்கள்

வின்னிபெக். மைனஸ் இருபத்தெட்டு.
மூன்று மணிக்குமேல் லுத்தரன் கோயிலை
எங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்.
ஆராதனை முடிந்து எல்லாரும் மேலே டீ குடிக்க,
கீழே சமையலறையில் நான்
திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுகிறேன்.
கட்டைவிரல் உயரக் கண்ணாடிகள்.
அடியில் ஒரு சொட்டுத் திராட்சரசம்
காய்ந்து ஒட்டியிருக்கும்.

நானே கேட்டு வாங்கிய வேலை.
"கர்த்தருடைய சித்தம்மா" என்பவர்களின்
முகம் பார்க்காமலிருக்க
ஒரு சாக்கு.

ஜூலையில், ஆறாம் மாதத்தில்,
ஆஸ்பத்திரியில் சின்னப் பெட்டி ஒன்று தந்தார்கள்:
மையில் எடுத்த கால்தடம், ஒரு தொப்பி.
அலமாரியில், சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது.
அன்றிலிருந்து என் ஜெபம்
"ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும்.

ஞானப்பூ அக்கா துடைத்துக்கொண்டிருந்தார்.
துணியை நிறுத்தாமலே கேட்டார்:
"பேர் வெச்சியா?"

ஏழு மாதமாக யாரும் கேட்காதது.

சொன்னேன்.
"ஜெரின்," அக்கா திருப்பிச் சொன்னார்,
ஓய்வுநாள் பள்ளியில் ஆஜர் எடுப்பதுபோல.

அழுதேன். சோப்பு நுரைக்குள்,
மூக்கு ஒழுக, அசிங்கமாக.
எழுப்பப்போவது தெரிந்தும்
நண்பனின் கல்லறை வாசலில் அழுதவரிடம்
அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
எண்ணி அடுக்கியபோது நாற்பதுதான் இருந்தது.
வீடு வந்து பார்த்தால்
கோட்டுப் பையில் ஒன்று. எப்போது போட்டேனோ.

ஞாயிறு திருப்பித் தரவேண்டும்.
அதுவரை ஜன்னலோரம், பனி வெளிச்சத்தில்,
இறக்கி வைத்த பெட்டிக்குப் பக்கத்தில்.

இன்று காலை, "ஆண்டவரே, ஜெரின்" என்றேன்.
இரண்டு சொல்.