அடுத்த தேதி

கிலா கோர்ட் வாசலில் பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்பவன் நான்.
பக்கத்துக்கு அறுபது ரூபாய், பிழைகள் இலவசம்.
ஒன்றரை மணிக்கு இயந்திரத்துக்கு உறை மாட்டிவிட்டுச்
சாலையைக் கடந்தால் ஆசாத் மைதானம்.

ஒரே புல்லில் இருபது ஆட்டம்.
இந்த ஆட்டத்து மிட்-ஆன்
அந்த ஆட்டத்து ஸ்லிப்புக்கு முதுகு காட்டி நிற்பான்.
எந்தப் பந்து யாருடையதென்று
பந்துக்கே தெரியாத இடத்தில்
எங்களுக்குத் தெரிந்திருந்தது
சாகேத் பாவஸ்கர் எந்த முனையிலிருந்து வீசுகிறான் என்று.

பதினேழு வயது. இடதுகைச் சுழல்.
விராரிலிருந்து விடியுமுன் வண்டியேறி
தன்னைவிடப் பருத்த பையோடு வந்திறங்குவான்.
அவன் கையை விட்டுப் பந்து கிளம்புவது
பேச்சை நடுவில் நிறுத்தியது போலிருக்கும்.
மட்டைக்காரன் மீதி வாக்கியத்தைத் தானே முடித்துக்கொள்வான்.
பந்து வேறொன்று சொல்ல வந்திருக்கும்.

நாங்கள் நால்வர்.
முத்திரைத்தாள் விற்கும் பெட்னேகர்,
மூக்குக்கண்ணாடிக் கடை ஹோஷாங்,
தாராவித் தோல் பட்டறையிலிருந்து பில் கொடுக்க வந்து
பில்லை மறந்துவிடும் ஜெபராஜ்,
நான்.
பையனோடு ஒருநாளும் பேசியதில்லை.
கெட்டுப்போன முத்திரைத்தாளின் பின்பக்கம்
அவன் விக்கெட்டுகளை எழுதி வந்தோம்.
ஜூலைக் கடைசியில் முப்பத்தொன்று.
ஆகஸ்ட் சேற்றில் நாற்பத்தாறு.

ரஞ்சிப் பட்டியல் வந்தது. அவன் இல்லை.
அவன் இடத்தில்
முப்பத்தைந்து வயது முழங்கால் ஒன்று
கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
"இன்னும் பழுக்கட்டும்" என்றாராம் தேர்வுக்குழுவில் ஒருவர்.
"வாழைத்தாரா இவன்,
புகைமூட்டம் போட?" என்று கத்தினார் ஜெபராஜ்.
பெட்னேகர் மராத்தியில் சொன்னதை
எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் ஏற்ற முடியாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
'அடுத்த தேதி' என்று கேட்டுப்
படியிறங்கி வருகிறவர்களின் முகத்தை
இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.
அன்று அதே முகம் எங்கள் நால்வருக்கும்.
அவர்களுக்காவது அது சொந்த வழக்கு.

அன்று மாலையே மனு ஒன்று தட்டினேன்.
'மேற்படி சாகேத் பாவஸ்கர் என்பவர்' என்று ஆரம்பித்து
ஒன்றே முக்கால் பக்கம்.
நான்கு கையெழுத்து, அசலும் நகலும்.
பெட்னேகர் காசு வாங்காமல் முத்திரை ஒட்டினார்,
வாழ்க்கையில் முதல் தடவை.

சர்ச்கேட்டில் ஒருநாள் அவன் தனியாக நின்றான்,
வடாபாவைக் கடித்தபடி.
ஜெபராஜுக்குப் பொறுக்கவில்லை.
"எப்போதான் தம்பி?"
பையன் உதட்டுச் சட்னியைத் துடைத்துக்கொண்டான்.
"நேராப் போற பந்து இன்னும் சரியா வரல அங்கிள்.
வரட்டும்."
விரார் ஃபாஸ்ட் வந்தது. கூட்டம்.
ஏறவில்லை. அடுத்ததுக்கு நின்றான்.
எங்களுக்கு அவமானமாகப் போய்விட்டது.
அவனுக்காக நாங்கள் ஓடுகிறோம்,
அவன் பாட்டுக்கு வண்டியை விடுகிறான்!

ஜனவரியில் யாருக்கோ விரல் உடைந்தது.
அவனைக் கூப்பிட்டார்கள். வெளியூர் ஆட்டம்.
ஹோஷாங்கின் போனைச் சுற்றி நான்கு தலை.
ஒன்பது ஓவர், ஐம்பத்தெட்டு ரன், விக்கெட் இல்லை.
பத்தாவது ஓவர் அவனுக்குக் கொடுக்கப்படவேயில்லை.

ஹோஷாங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அவசரப்பட்டுட்டாங்க."
"ஒரு வருஷம் விட்டுப் புடிச்சிருக்கணும்" என்றார் பெட்னேகர்.
நான் மேசை இழுப்பறையைத் திறந்து
கார்பன் நகலை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை.
கூடாரத்துப் பக்கம் பதினான்கு வயசு ஒன்று
தலைக்குப் பெரிய ஹெல்மெட்டோடு கட் ஆடிக்கொண்டிருந்தது.
பந்து போன தடத்தில் புல் சாய்ந்து கிடந்தது.
"யாருப்பா இது?"
கேட்டது நான்தான் என்று நினைக்கிறேன்.
ஜெபராஜ் பையில் தாள் தேடினார்.

அப்போது முதுகுக்குப் பின்னால்
குச்சி சாயும் சத்தம்.
திரும்பினால், தூரத்து முனையில்
யாரோ பெயில்ஸைப் பொறுக்குகிறார்கள்.
மட்டையைத் தூக்கி வழிவிட்ட ஒருவன்
தூக்கியபடியே நிற்கிறான்.
இடதுகையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு
மெல்ல நடக்கிறான் சாகேத்.

இது எத்தனையாவது என்று
எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.